மறுபடியும் ஒன்று

அப்பாவின் கருமாதி நேற்று முடிந்தது. திருநகர் வீட்டு வாசலில் பந்தலைப் பிரிக்கிறார்கள். இரும்புக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் விழும் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது. நாகஜோதி லேப்டாப்பின் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறாள். புரோகிராமில் தப்பு தேடும் டீபக்கர், பென்ஷன் புரோகிராமைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறது. 'பிரிண்ட்' என்று தட்டினால் உள்ளே இருக்கிற ஆளைக் காட்டுகிறது: நல்லகாமன், வயது 67, உயிர் 1. சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமென்று போன வருஷம் அவள்தான் அப்பாவைப் போட்டு வைத்தாள். ஹெட்போனில் ஆபீசிலிருந்து அசோக்குமார் பேசுகிறார். "இறந்தவங்களுக்குத்தான் தப்பு வருது ஜோதி. அந்த டம்மி ஆளுக்கு மறுபடியும் உயிர ஜீரோ ஆக்கி ஓட்டிப் பாரும்மா." "சரிண்ணே." வெயில் கீபோர்டில் பாதி வரை ஏறியிருக்கிறது. 'செட்' என்று தட்டி, சைபர் போடுகிறாள். டீபக்கர் எதுவும் கேட்பதில்லை. புரோகிராம் நான்கு வரி ஓடி நின்றுபோகிறது. அம்மா கதவோரம் வந்து நிற்கிறாள். "போட்டோவுல மாலை காஞ்சிருச்சு. எடுத்துரவா?" "இருக்கட்டும்மா." அம்மா உள்ளே போகிறாள். டீபக்கரில் மாற்றியது அந்த ஒரு ஓட்டத்தோடு சரி, புரோகிராமை முதலிலிருந்து ஓட்டினால் பழையபடி ஆகிவிடும். நாகஜோதி முதலிலிருந்து ஓட்டுகிறாள். நல்லகாமன், வயது 67, உயிர் 1. காலையிலிருந்து இது ஆறாவது தடவை. விரல் பார்க்காமலே சைபருக்குப் போகிறது.