ஜெல் தடவாத தட்டு

'ஆகஸ்ட் 28, வியாழன். ஒரு சிறு தவறு: தட்டுக்கு அடியில் ஜெல் தடவ மறந்துவிட்டேன்.'

எழுதிவிட்டு கௌசல்யா நிமிர்ந்தாள். அதற்குள் கூடப் படிக்கும் ஜெயன் மாலை வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஆடிக்கொண்டிருந்தான்.

மைக்ராஸ்கோப் திரையில், தட்டில் வளர்த்த தசைச் செல்கள் துள்ளியிருந்தன. அவற்றின்மேல் ஒட்டியிருந்தவை, அழுத்தினால் மின்சாரம் தரும் நுண்துகள்கள். அல்ட்ராசவுண்ட் துகளை அழுத்தும்; துகள் செல்லைச் சீண்டும். கம்பி வேண்டாம், ஊசி வேண்டாம்.

அப்படித் துள்ளுவதை வீடியோ எடுத்துவிட்டால் இருவருக்கும் பகல் லேபில் வேலை என்று வகுப்பெடுக்கும் ஓமனா மேடம் சொல்லியிருந்தார். சாலைக் கடைத்தெருவில் பருப்பு மூட்டைக்குச் சீட்டெழுதுவதை கௌசல்யா விட்டுவிடலாம்.

ஆனால் ஜெல் இல்லாமல் அந்த ஒலி தட்டுக்குள் ஏறவே ஏறாது.

அப்படியானால் துள்ள வைத்தது எது?

"ஜெல்லோ கில்லோ, சாடிச்சுல்லே? நான் அம்மையை விளிச்சுச் சொல்லியாச்சு. நீ சும்மா இரி, எடி!" என்றான் ஜெயன். துள்ளியதே போதும் அவனுக்கு.

அவள் சும்மா இருக்கவில்லை. துகள் போடாத தட்டை எடுத்து வைத்தாள். அல்ட்ராசவுண்டையும் அணைத்தாள்.

அதுவும் துள்ளியது. டம், டடம், டம்.

கீழ் ஹாலில் யாரோ ஓணத்துக்குச் செண்டை மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். மேசையே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஜெயன் பொத்தென்று நாற்காலியில் விழுந்தான்.

மேடம் மீட்டிங் என்று சொல்லிப் போயிருந்தார். ஆனாலும் தன் தவறைத் தானே சொல்லிவிடுவதுதான் சரி. திட்டு வாங்கத் தயாராகி கௌசல்யா போன் போட்டாள்.

மணி அடித்தது. செண்டை நின்றது.

"எந்தா மோளே?" மேடத்துக்கு மூச்சு வாங்கியது.

ஜெல்லையும் மேசையையும் செண்டையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மறுமுனையில் ஓர் இருமல். "அது இனி கேக்காது. ஜெல் இட்டு இப்பவே நோக்கு. நான் போனை வைக்கல."

ஜெல் தடவி அல்ட்ராசவுண்டைப் போட்டாள். துகள் இல்லாத தட்டு அசையவில்லை. துகள் போட்ட தட்டு துள்ளியது. அணைத்தால் அடங்கியது. போட்டால் மறுபடி துள்ளியது. எல்லாம் வீடியோவில் பதிந்தது.

ஜெயன் போட்ட கூச்சல் அடங்குமுன், போனுக்குள்ளிருந்தும் கீழ் ஹாலிலிருந்தும் ஒரே நேரத்தில் ஓர் அடி கேட்டது.

டம்!

கௌசல்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுநாள் மறக்காமல் இருக்க எழுதி வைத்தாள்.

'நாளை: முதலில் ஜெல். புதிய தட்டுகளில் மறுபடி செய்ய வேண்டும். மேடத்துக்கு மீட்டிங் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.'