பெயர் இல்லாத முழங்கால்

"பொய்! பச்சைப் பொய்!" என்று மேஜையைத் தட்டினார் முழங்கால் டாக்டர்.

எதிரே இருந்த உதவியாளர் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரையில் ஒரு முழங்காலின் எம்.ஆர்.ஐ. படம். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆள் யாரென்று தெரிந்தால் தேய்மானத்துக்கு மார்க் போடுகிற மனசு சாய்ந்துவிடும் என்று டாக்டரே வகுத்த விதி அது.

மூட்டுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வு கிழிந்தால், எலும்பை மூடியிருக்கும் குருத்தெலும்பும் கூடவே தேய்கிறதா? அதுதான் அவருடைய ஆராய்ச்சி. வலி உள்ளவர்கள் ஒரு பக்கம், வலியே இல்லாதவர்கள் ஒரு பக்கம். டாக்டர் மார்க் போட்ட பிறகுதான் அது எந்தப் பக்கத்துப் படம் என்று உதவியாளர் சொல்வாள். இப்போது சொல்லியிருந்தாள்.

"இவங்க வலி இல்லாதவங்க பக்கமா? ஜவ்வு கிழிஞ்சு தொங்குதும்மா!"

"சிலருக்குக் கிழிஞ்சாலும் வலிக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க..."

"கிழிசல் மட்டும்னா சரி. குருத்தெலும்பு சுத்தமா தேஞ்சு போச்சு. எலும்பு வீங்கி, தண்ணி கோத்திருக்கு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஒரு படி ஏறினா உயிர் போயிட்டு வரும். வலியே இல்லைன்னு வாய் கூசாம சொல்லியிருக்காங்களே!"

போன் அடித்தது. அவரோடு ஒரே வீட்டில் இருந்து சமையல், வீட்டு வேலை எல்லாம் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"தம்பி, சாப்பாடு கொண்டாந்திருக்கேன். லிப்ட் ஓடலையாம். கீழயே குடுத்துட்டுப் போகட்டுமா?"

"ஏன், ரெண்டு மாடி ஏறினா தேஞ்சா போயிடுவ? காலைல காபி கொண்டு வரப்பவும் இதே அன்னநடைதான். ஆறிப்போன காபியைக் குடிக்கணும்னு என் தலையெழுத்து. சரி, அங்கயே உக்காரு. ஆளை அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். விட்ட கோபம் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

"இவங்க பொய் சொன்னதுகூடப் போகட்டும். வீட்ல இருக்கறவங்களுக்குக் கண்ணு எங்க போச்சு? கூடவே குடியிருக்கிற ஆள் நொண்டறது தெரியாதா? எல்லா வேலையையும் இவங்க தலையிலயே கட்டியிருப்பாங்க. மனுஷங்களா அவங்க? போன் நம்பரைக் குடு, நானே கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கறேன்."

"பேர், நம்பர் எதுவும் சொல்லக் கூடாதுன்னு விதி சார்."

"விதி போட்டவனே கேக்கறேன், குடு!"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"நம்பர் வேணாம் சார். இப்பதான் அவங்ககிட்ட பேசினீங்க."

டாக்டரின் கை போன் மேலேயே நின்றுவிட்டது.

"வலி இல்லாதவங்க பக்கம் ஆளே சேரலைன்னு வீட்ல புலம்பினீங்களாம். அவங்களா வந்து ஸ்கேனுக்குப் படுத்தாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

காது மடல் வரை சுட்டது. மனுஷங்களா என்று யாரைக் கேட்டோம் என்று நினைக்கவே கூசியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து, தானே படியிறங்கினார்.

கீழே நோயாளிகள் நிறைந்த கூடத்தில், பெஞ்சின் ஓரத்தில், மடியில் சாப்பாட்டுப் பையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தம்பியைக் கண்டதும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அக்கா..." டாக்டர் பதற்றத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டார். "முட்டி ரொம்ப வலிக்குதா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கா? எனக்கென்ன வலி! குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!" என்றார் அக்கா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பிறகு தம்பியின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்துக் காதோடு சொன்னார்:

"மெதுவா கேளுடா. முட்டி டாக்டரோட அக்காவுக்கே முட்டி வலின்னு தெரிஞ்சா, உன்கிட்ட யாருடா வருவா?"