எல்லாருக்கும் இலவசம்

போலி மின்னஞ்சல்களைத் தடுக்கும் அந்த வழிமுறையை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றுதான் தன்னார்வலர் குழு அதை எழுதியிருந்தது. அதற்கு இறுதி ஒப்புதல் தருவதற்காகக் கூடியிருந்த கூட்டத்தில், பெரிய நிறுவனமொன்றின் சார்பில் வந்திருந்த வரதன் எழுந்தார். வழிமுறையின் முக்கியமான பகுதிக்குத் தங்கள் நிறுவனம் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க, எல்லாருக்கும் இலவசம்தான். பயன்படுத்துறவங்க எங்ககிட்ட ஒரு உரிமம் வாங்கிக்கணும், அவ்வளவுதான்."

"இலவசம்னா எதுக்குங்க உரிமம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா. அந்தப் பகுதியை எழுதியவளே அவள்தான். "நாளைக்கு நீங்க தரமாட்டோம்னு சொன்னா?"

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம்மா" என்று வரதன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "எப்போ விண்ணப்பிச்சீங்க?"

"போன வருஷம் ஜனவரியில."

ஜனவரியில் இந்தக் குழுவே கிடையாது. யோசனை அவள் மனதில் மட்டும்தான் இருந்தது. கல்லூரி நாளிலிருந்து நண்பனான பூபாலனிடம் மட்டும், டீக்கடையில் நின்றபடி ஒருமுறை அதை விளக்கியிருந்தாள்.

அதனால் என்ன, அவர்களுக்கும் தனியாகத் தோன்றியிருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரே யோசனை வரக் கூடாதா? மேசைமேல் கிடந்த தன் பேனாவையே பார்த்தபடி மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் அப்படிப் பாக்குற ஜெசி?" என்றான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூபாலன்.

அவள் அவன் பக்கம் இன்னும் திரும்பவேயில்லை.