ஒரு சாண் கீழே

அவள் வளையல்களைக் கழற்றிக் குழாயின் மேல் மாட்டினாள்.

கண்ணாடி வளையல்களையும் சேர்த்துத்தான். அவற்றை அவள் கழற்றிக் கணவர் பார்த்ததில்லை.

பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். தொங்கிய பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். அவருடைய கருவிப் பையிலிருந்து கண்ணில் தூள் விழாமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

குளியலறைக்கு வெளியே, கூடத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளாகப் பேச்சில்லை.

கடையிலிருந்து, குளியலறைச் சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பி வந்து இறங்கியதிலிருந்து இல்லை.

ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது எட்டாவது மாதம். பக்கவாதம் தொட்ட வலது கை இன்னும் மடியில் கிடக்கிறது. நாக்கு மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கைத்தடி என்றால் ஒருநாள் தூக்கி மூலையில் போட்டுவிடலாம். சுவரில் ஓட்டை போட்டு முடுக்கிய கம்பியை என்ன செய்வது? அது இருக்கிறவரை அவர் நோயாளிதான். அந்தக் கோபம்.

போன வியாழக்கிழமை குளியலறைக்குள் இருக்கும் கழிப்பறைக் கோப்பையிலிருந்து அவரை எழுப்பும்போது இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அவளுக்கு இடுப்பில் நல்ல அடி. கம்பி வாங்கி வந்தாள்.

டிரில்லிங் மெஷின் அவருடையது. பேட்டரியில் ஓடுவது. ஊரில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்த மனிதர், அதை யாரையும் தொட விட்டதில்லை.

அவளோ பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் துளை போடும் பிட்டை மாட்டினாள். முனை வழுக்காமலிருக்க டைல்ஸில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஓட்டை விழ வேண்டிய இடங்களில் குறி வைத்தாள். மெஷினில் சுத்தியல் படத்தில் நின்ற வளையத்தை வெறும் பிட் படத்துக்குத் திருப்பினாள். சுத்தியலில் விட்டிருந்தால் டைல்ஸ் விரிசல் விட்டிருக்கும்.

இதெல்லாம் எப்போது பார்த்து வைத்தாள்?

ஒரு தப்பாவது செய்ய மாட்டாளா என்றிருந்தது அவருக்கு. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மெயினை அணைத்தாள். ஃப்ரிட்ஜ் ஒருமுறை முனகி நின்றது. ஈரத்தரையில் கோணிப்பையை விரித்து அதன்மேல் நின்றாள்.

விசையை மெதுவாக அழுத்தினாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. முதல் ஓட்டை இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது.

அவருக்கு நெற்றி வியர்த்தது. வியர்வையில் காற்று பட்டது.

அண்ணாந்து பார்த்தார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வீட்டில் மெயினை அணைத்தாலும் மின்விசிறி நிற்காது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும். பத்து வருடப் பழக்கம். அது சுற்றுவது யார் கண்ணிலும் படுவதில்லை. குளியலறை விளக்கும் அதே லைன்தான். அதன் ஒயர் அந்த டைல்ஸுக்குப் பின்னால் போகிறது. நேராகப் போகவில்லை. ஊரார் வீட்டிலெல்லாம் நூல் பிடித்தாற்போல் இழுத்தவர், சொந்த வீட்டில் ஒயர் போடும் பைப் போதவில்லை என்று சாய்வாக இழுத்திருந்தார். யாருக்குத் தெரியப்போகிறது என்று மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்.

மூன்றாவது குறி அந்த ஒயரின் மேலேயே இருந்தது.

அவள் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்தாள். முனை டேப்பில் பதிந்தது.

அவர் வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை.

மெஷின் உறுமத் தொடங்கியது.

"பவளம்! எடு! எடுத்துடு!"

அவள் விரலை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"அங்க ஒயர் போகுது. இன்வெர்ட்டர் இன்னும் ஓடுது." மூச்சு வாங்கினார். "நான்தான்... கோணலா இழுத்துட்டேன்."

அவள் கூடத்து மின்விசிறியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்த மெஷினை மெல்லக் கீழே வைத்தாள்.

இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு வந்து நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அப்ப எங்கதாங்க போடறது?"

எங்கேயும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சுவர் முழுக்க ஒயர் என்று ஒரு பொய் போதும். அவள் நம்பியிருப்பாள். இரண்டு நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த சாக்கு இதுதான்.

அவள் ஒரு கையால் அடிபட்ட இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். மறு கையில் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு சாண் கீழ," என்றார். "அங்க ஒயர் இல்ல."

அவள் அவரை அணைத்துத் தூக்கி, மெதுவாக நடத்திக் கொண்டுபோய்க் கழிப்பறைக் கோப்பை மேல் உட்கார வைத்தாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கைய நீட்டுங்க. எட்டுதா பாப்போம்."

பழக்கத்தில் வலது கையைத்தான் நினைத்தார். அது வரவில்லை.

இடது கையை நீட்டிச் சுவரில் வைத்தார்.

அவள் குனிந்து, அந்த உள்ளங்கைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள்.

கோடு போட்டு முடித்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.