கைதட்டலை எடுத்தாச்சு

“கைதட்டலை எடுடா கார்னெல்! டெக்னோ இசைன்னா ஒண்ணொண்ணா சேர்க்கறது இல்ல, ஒண்ணொண்ணா எடுக்கறது…”

“எடுத்துட்டேன்னு சொல்றேன்ல…”

“அப்ப கேக்குறது என்ன, உன் பல்லு அடிச்சுக்கிற சத்தமா?”

டெட்ராய்ட்டில், வீட்டு நிலவறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். ஐந்து மணிக்குள் பாட்டை இசைத்தட்டு அச்சடிக்கும் பட்டறையில் கொடுக்காவிட்டால் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வராது.

கார்னெல் டிரம்மைத் தவிர மற்ற எல்லா ஒலிகளையும் அணைத்தான். டிரம் மட்டும் மிஞ்சியது. கைதட்டலும் கேட்டது. டிரம் மெஷினின் வயரைப் பிடுங்கினான். டிரம் நின்றது. கைதட்டல் நிற்கவில்லை.

அக்கா ஒலீட்டா காலால் தாளம் போட்டுப் பார்த்தாள். “கொஞ்சம் லேட்டா தட்டுது.”

“அக்கா, இப்ப அதுவா முக்கியம்?”

ஒலீட்டா சத்தம் வந்த ஆளில்லாத பக்கம் திரும்பினாள். “புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்புதான். அவசரப்படாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்போ!”

கைதட்டல் சரியான இடத்தில் விழுந்தது. அதன் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை.

“டேய், பிரமாதம்! இதுதான்டா பாட்டுல குறைஞ்சது. பதிவு பண்ணு!”

கார்னெல் மைக்கை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தான். ஒலி அளவு காட்டும் முள் அசையவே இல்லை.

மணி நாலரை. ஒலீட்டா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு காலிச் சுவரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

“ஐயா, பட்டறைக்கு நீங்களும் எங்ககூட வண்டியில வர்றீங்களா?”