பூவனலிங்கத்தின் வலது கை

மதிய வெயில் ஸ்டுடியோ கண்ணாடியில் மோதி உள்ளே சிதறுகிறது. அப்சானா எழுந்து கதவுச் சீலையை இழுத்துவிட்டு, மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். திரையில், கையால் வண்ணம் தீட்டிய பழைய படம். எப்போதும்வென்றான் கிராமத்தில் ஆடு மேய்த்த பூவனலிங்கம் விறைப்பாக நிற்கிறார். உதட்டில் ரோஜாச் சிவப்பு, கன்னத்தில் மாவு வெள்ளை, முதுகுக்குப் பின்னால் அடர்நீலத் திரைச்சீலை. வலது கை மட்டும் நெஞ்சுக்கு நேரே வெறுமனே இறுகியிருக்கிறது. “கேமராவப் பாத்துப் பயந்துட்டாவன்னு சொந்தக்காரவிய இன்னும் சிரிக்காவ,” என்கிறாள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மகள் மாரிசெல்வி. புதுவீட்டுப் பால்காய்ப்புக்குள் படம் தயாராக வேண்டும் அவளுக்கு. அப்சானா கன்னத்து வெள்ளையைக் கரைக்கிறாள். வெயிலில் காய்ந்த கறுப்பு மேலே வருகிறது. அடுத்து, திட்டுத்திட்டாக மங்கியிருக்கும் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள். நீலத்துக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. அது தரையிலிருந்து கிளம்பி, இறுகிய கைக்குள் நுழைந்து, தலைக்கு மேலே போய் அரிவாளாக வளைகிறது. ஆட்டுக்குக் கிளை வளைக்கும் தொரட்டி. வண்ணம் தீட்டியவர் அதைத் திரைச்சீலைக்குள் முக்கி மறைத்திருக்கிறார். அப்சானா மவுஸிலிருந்து கையை எடுக்கிறாள். “பழையபடி மூடிரட்டுமாக்கா? இப்படிக் கம்பு, கயிறெல்லாம் தெரிஞ்சா நெறையப் பேரு எடுத்துரச் சொல்லுதாவ.” மாரிசெல்வி எழுந்து திரைக்கு அருகில் வருகிறாள். கண்ணாடியில் பட்டும் படாமலும் அவள் விரல் அந்தக் கோட்டின் அடியிலிருந்து நுனிவரை ஊர்கிறது. “மூடாதம்மா. பிரேம ஒரு சாண் ஒசத்திப் போடு. மேல தொரட்டி நுனி வெட்டுப்படக் கூடாது.”