மேல்காட்டின் நிறம்

"தேயிலைச் செடி என்னிக்குடா செவப்பா இருந்துது?"

ஹெட் கிளார்க் ராமபத்ரனின் மேசைமேல் ஒரு படம் கிடந்தது. சின்னக்கானல் எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டிகளுக்கு எண் எழுதும் சந்தனம், துரைசாணியின் விருப்பப்படி பங்களாவுக்காக வரைந்தது. கீழே ஏரி, மேலே மலை. மலை முழுவதும் செம்பும் துருவும் பொன்னுமாக இருந்தது.

"சனவரியில பாத்ததத்தான் வரைஞ்சேன், அய்யா."

அந்த ஜனவரிதான் ராமபத்ரனுக்கு உறுத்தியது. அப்போது துரை சீமைக்கு விடுப்பில் போயிருந்தார். உறைபனிக்கு முன்பே செடிகளைத் தழை போட்டு மூடச் சொல்லியிருக்க வேண்டியவர் ராமபத்ரன்; மறந்துபோனார். மலைச்சரிவில் இருந்த மேல்காட்டுத் தேயிலை முழுவதும் பனியில் கருகிச் சிவந்தது. மறந்தேன் என்று எழுதுவது அவருடைய ஆங்கிலத்துக்கே இழுக்கு. ஆகவே, விளைச்சல் குறைந்ததற்குக் காரணமாக, 'பெண்கள் கொழுந்து பறிக்க மறுத்தனர்' என்று துரைக்கு அழகாக எழுதினார். கருகிய செடிகளைக் கவாத்து வெட்டி, தடயத்தையும் துடைத்தார்.

அதன் விளைவாக, மேல்காட்டில் பறிக்கும் முப்பது பெண்களும் இம்மாதக் கடைசிக்குள் எஸ்டேட் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். சந்தனத்தின் மனைவி சின்னத்தாயி அவர்களில் ஒருத்தி.

"பச்சை அடிச்சு எடுத்துண்டு வா. இல்லேன்னா நீயும் அவளோட மூட்டையைக் கட்டிக்கோ."

"பச்சை தீந்து போச்சு, அய்யா. மேல்காட்டுலயும் அப்பிடித்தான தீந்துச்சு."

"வாய் நீளறதே நோக்கு."

அதற்குள் துரையும் துரைசாணியும் அலுவலகத்துக்குள் வந்துவிட்டார்கள். படத்தைக் கண்ட துரைசாணி உருகிப்போனாள். இலையுதிர் காலத்தில் அவள் ஊர் மலைகள் அச்சு அசலாக இப்படித்தான் இருக்குமாம். இவ்வளவு ரசனையோடு நிறங்களைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டாள்.

ராமபத்ரனின் இடுப்பு பி.ஏ. படித்த இடுப்பு. ஆங்கிலத்தில் பாராட்டு விழுந்தால் தானாக வளையும்.

"நான்தான், மேடம்," என்றார், அதே ஆங்கிலத்தில். "இவனுக்கு என்ன தெரியும்? ஜனவரியில் மேல்காட்டுக்கே அழைத்துப்போய், ஒவ்வொரு செடியின் நிறத்தையும் நானே காட்டிக்கொடுத்தேன்."

சந்தனம் மறுக்கவில்லை. தன் பெருமை பறிபோனதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இருபது வருடமாகத் தேயிலையோடு வாழ்ந்த துரை, படத்தை நோக்கிக் குனிந்தார்.

"இதில் கற்பனை ஏதும் சேர்க்கவில்லையே?"

"ஓர் இலைகூட இல்லை, சார். அத்தனையும் என் கண்ணால் கண்டது."

துரை நிமிர்ந்தார்.

"அப்படியானால், ராமபத்ரன், அந்த முப்பது பெண்களும் பறிக்க மறுத்த கொழுந்து எந்தச் செடியில் இருந்தது?"